பம்பர் உடைந்தால்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா, காப்பீடு கோருவதா?

புணே நகரில் பணிபுரியும் எங்கள் சக அலுவலர் ஒருவர், ஏழாண்டு ஓடிய சிறிய கார் ஒன்றைக் கடன் பெற்று வாங்கினார். வாங்கிய ஐந்தாம் வாரம், குடியிருப்பின் தரைக்கீழ் நிறுத்துமிடத்தில் வண்டியைத் திருப்பும்போது முன்பக்கம் தூணொன்றில் இடித்தது. வேகம் மிகக் குறைவு. ஆயினும் பம்பரின் இடது மூலையில் ஒரு சாண் நீளத்திற்கு விரிசல் விழுந்தது. முகப்பு விளக்குக்கும் பம்பருக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளியும் தெரிந்தது. காப்பீடுதான் இருக்கிறதே என்ற நிம்மதியுடன் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தார். பதிவுச் சான்று அவர் பெயருக்கு மாறியிருந்தது. பாலிசியோ பழைய உரிமையாளரின் பெயரிலேயே இருந்தது. இழப்பீடு கிடைக்க வழியில்லை என்று கூறிவிட்டார்கள்.

இதை அவர் எங்களிடம் சொன்னபோது, இதே நிலையில் எத்தனை வாடிக்கையாளர்கள் இருப்பார்கள் என்ற எண்ணமே முதலில் எழுந்தது. பழைய கார் வாங்குவோர் எஞ்சினையும் டயரையும் கூர்ந்து பார்க்கிறார்கள். பம்பரை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நகர நெரிசலில் முதலில் அடிபடுவது அதுதான். அதைச் சரிசெய்யும்போதுதான் காரின் கடந்த காலமும், காப்பீட்டின் நுணுக்கங்களும் ஒருசேர வெளிப்படுகின்றன.

பம்பர் என்பது எது?

நம் கண்ணுக்குத் தெரியும் வண்ணம் பூசிய பிளாஸ்டிக் பகுதியை நாம் பம்பர் என்கிறோம். உண்மையில் அது ஒரு மேலுறை மட்டுமே. அதன் பின்னால் பல கார்களில் நுரைப்பொருளால் ஆன அதிர்வுதாங்கி இருக்கும். அதற்கும் பின்னால் காரின் அகலத்திற்கு ஓர் இரும்புக் குறுக்குச் சட்டம் இருக்கும். மோதலின் விசையைத் தாங்குவது அந்தச் சட்டம்தான். முன்பக்கமாயின் அதற்கு அடுத்து ஏ.சி. கண்டன்சரும் ரேடியேட்டரும் அமைந்துள்ளன. காற்றுப்பைகளுக்கு மோதலை உணர்த்தும் உணரிகளும் பல கார்களில் இப்பகுதியை ஒட்டியே பொருத்தப்பட்டுள்ளன.

பிளாஸ்டிக் உறைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: இடிபட்டால் உள்ளே அமுங்கி, மீண்டும் வெளியே வந்துவிடும். வெளியிலிருந்து பார்க்க ஒரு கீறல் மட்டுமே தெரியும்; உள்ளே இரும்புச் சட்டம் வளைந்திருக்கும். எனவே பழுதுபார்ப்பதா மாற்றுவதா என்று முடிவெடுக்கும் முன், பம்பரைக் கழற்றிப் பார்க்கச் சொல்வதே முறை. சில ஸ்குரூக்களும் கிளிப்புகளும் கழன்றால் உறை கையோடு வந்துவிடும். அனுபவமுள்ள பணியாளருக்கு இது அரை மணி நேர வேலை. கழற்றியபின் உட்புறத்தை நாமே கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது நல்லது.

நம் அலுவலரின் காரில் அப்படிக் கழற்றியபோது தெரிந்தது வேறு கதை. குறுக்குச் சட்டத்தின் வலப்புறம் முன்பே ஒருமுறை வளைந்து, சுத்தியலால் நிமிர்த்தப்பட்டிருந்தது. தூணில் இடித்ததோ இடப்புறம். விற்றவர் "சின்னக் கீறல்கூட விழாத வண்டி" என்று உறுதி கூறியிருந்தார்.

வாங்கும் முன்னரே இதை அறிந்திருக்க முடியுமா என்று கேட்டால், பெருமளவுக்கு முடியும் என்போம். பெயிண்ட் தடிமனை அளக்கும் கருவியுடன் கார் பார்க்க வருவோர் இப்போது பெருகிவிட்டனர். அவர்கள் பயன்படுத்தும் கருவிகளில் பெரும்பாலானவை உலோகத்தின் மீதுதான் வேலை செய்யும். பிளாஸ்டிக் பம்பரில் அவை எதையும் சொல்லா. அங்கே கண்ணும் விரலுமே கருவிகள். பனிமூட்ட விளக்கின் விளிம்பிலும், காற்று புகும் கருநிற வலையிலும், ரப்பர் பட்டைகளிலும் வண்ணத் தூவல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கர வளைவின் உள்ளே கைவிட்டு, கிளிப்புகள் அனைத்தும் இருக்கின்றனவா, அவற்றுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கட்டுக்கயிறு போடப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பானெட்டைத் திறந்து, முன் சட்டத்தின் போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட தழும்பு உண்டா என்று நோக்குங்கள். இரு முகப்பு விளக்குகளில் ஒன்று மட்டும் புத்தம் புதிதாக மின்னுமானால், காரணத்தைக் கேளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பம்பருக்கு மறுவண்ணம் பூசப்பட்டிருப்பதாலேயே கார் பெரும் விபத்தில் சிக்கியது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நம் நகரங்களில் ஐந்தாண்டு ஓடிய காருக்குப் பம்பர் ஒருமுறையேனும் வண்ணம் காணாமல் இருப்பதே அரிது. அதேபோல், பம்பரின் நிறம் பக்கவாட்டுத் தகட்டின் நிறத்திலிருந்து சற்றே மாறியிருப்பதும் எப்போதும் பழுதின் அடையாளமன்று. தொழிற்சாலையில் இரும்பு உடலை உயர்ந்த வெப்பத்தில் சுடுவார்கள். பிளாஸ்டிக் அதைத் தாங்காது என்பதால் பம்பருக்குத் தனியே, குறைந்த வெப்பத்தில் வண்ணம் ஏற்றுவார்கள். எனவே புதிய காரிலேகூட மெல்லிய வேறுபாடு காணப்படும். கவலைப்பட வேண்டியது மேலுறையைப் பற்றியன்று, அதன் பின்னால் இருப்பதைப் பற்றி.

ஒட்டுமா, ஒட்டாதா?

பெரும்பாலான பம்பர்கள் பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கோடு ரப்பரும் டால்க் தூளும் கலந்து வார்க்கப்படுகின்றன. உறையின் பின்புறத்தில் அச்சில் பொறித்த எழுத்துகளைக் காணலாம்: பி.பி. என்றால் பாலிப்ரொப்பிலீன், ஈ.பி.டி.எம். என்றால் ரப்பர், டி.டி. என்ற எழுத்தும் அதையடுத்த எண்ணும் டால்க்கின் விழுக்காட்டைக் குறிக்கும். பழுதுபார்ப்பவர் முதலில் படிக்க வேண்டிய எழுத்துகள் இவையே. படிக்காமல் வேலையைத் தொடங்குபவரிடம் சற்றுத் தயங்கலாம்.

இப்பொருளுக்கு இரு இயல்புகள் உண்டு. ஒன்று, சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும். ஆகவே வெறும் அமுங்கலாக இருந்தால் சூடான காற்றைச் செலுத்தி, உட்புறத்திலிருந்து அழுத்தி, பழைய வடிவத்திற்குக் கொண்டுவந்துவிடலாம். விரிசலாக இருந்தால், அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கிப் பற்றவைக்கலாம். அல்லது துருப்பிடிக்காத எஃகு முள்களைச் சூடேற்றி உட்புறத்தில் பதித்துத் தைக்கலாம். விரிசலின் நுனியில் சிறு துளையிட்டுவிட்டால் அது மேலும் ஓடாது.

இரண்டாவது இயல்பு தொல்லை தருவது: இதன் மேற்பரப்பில் எளிதில் எதுவும் ஒட்டாது. வீட்டில் வைத்திருக்கும் உடனடிப் பசை சில நாள்களில் பெயர்ந்துவிடுவது இதனால்தான். இரும்புத் தகட்டுக்குப் பூசும் சாதாரணப் பட்டியைப் பம்பரில் பூசினாலும் அதே கதிதான். பம்பர் வளையும், அந்தப் பட்டி வளையாது. எனவே முதல் குழியில் இறங்கும்போதே வெடிக்கத் தொடங்கிவிடும். பிளாஸ்டிக்குக்கென உள்ள நெகிழும் பட்டியும், அதன் மேல் பிளாஸ்டிக் பிரைமரும் இன்றியமையாதவை. செலவைக் குறைக்கப் பட்டறைகள் முதலில் கைவிடுவது இந்தப் பிரைமரைத்தான். வேலை முடிந்த அன்று வேறுபாடு தெரியாது. ஆறு மாதம் கழித்து, கார் கழுவும் நீர்ப்பீச்சலில் வண்ணம் தோலாக உரியும்போது தெரியும்.

எது பழுதுபார்க்கத் தக்கது, எது மாற்றத் தக்கது என்பதை இடத்தை வைத்து முடிவு செய்யலாம் என்பது எங்கள் கருத்து. பரந்த நடுப்பகுதியிலோ கீழ் விளிம்பிலோ விழுந்த விரிசலைப் பற்றவைத்து வண்ணம் பூசினால் காரின் மிச்ச ஆயுளுக்கு அது நிற்கும். ஆனால் பம்பரைப் பக்கவாட்டுத் தகட்டோடும் விளக்கோடும் இணைக்கும் காதுகள் ஒன்றுக்கு மேற்பட்டு உடைந்திருந்தால் உறை அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவே புதிய விரிசலை உண்டாக்கும். துண்டு காணாமற்போயிருந்தாலும், நிறுத்துமிட உணரி பொருந்தும் துளையருகே கிழிந்திருந்தாலும் மாற்றுவதே நலம். 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் தயாராகும் கார்களில் பின்புற நிறுத்துமிட உணரி கட்டாயம். பின் பம்பரை மாற்றும்போது புதிய உறையில் அத்துளைகள் உரிய இடத்தில் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உணரியின் முகத்தில் தடிமனாக வண்ணம் பூசவும் விடாதீர்கள்.

மாற்றுவதென்றால் மூன்று வழிகள். கார் நிறுவனத்தின் அசல் பாகம், வெளிச்சந்தையில் கிடைக்கும் போலி வார்ப்பு, கழித்த காரிலிருந்து எடுத்த பழைய பம்பர். போலி வார்ப்பை நாங்கள் பரிந்துரைக்கத் துணியோம். பெரும்பாலும் மெலிந்திருக்கும், விளிம்புகள் பொருந்தா, பொருத்துவதற்காக வெப்பமூட்டி இழுப்பார்கள். மூன்றாவது வழி அத்தனை தாழ்ந்ததன்று. தில்லியின் மாயாபுரி, கொல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் அதே நிறப் பம்பரே கிடைத்துவிடுவதும் உண்டு. காதுகள் முழுமையாக உள்ளனவா, அதே ஆண்டு மாதிரிக்குரியதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பெயர் ஒன்றாயினும், இடையில் முகப்பை மாற்றிய மாதிரியின் பம்பர் முந்தையதற்குப் பொருந்தாது. வண்ணத்திற்கு உரிய குறியீட்டு எண், எஞ்சின் அறையிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் இருக்கும். கண்ணளவில் கலப்பவரைவிட அந்த எண்ணைக் கேட்பவரே நம்பத் தக்கவர். உலோகப் பொடி கலந்த வெள்ளி, முத்து வெள்ளை நிறங்களுக்கு இது மேலும் பொருந்தும்.

இனிப் பம்பர் உடையவே கூடாது என்று இரும்புக் காவல் கம்பி பொருத்திக்கொள்வோர் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இத்தகைய கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. நடந்து செல்வோருக்கும் காரில் இருப்போருக்கும் அவை ஆபத்தானவை. அந்தச் செலவு வேண்டாம்.

காப்பீட்டுக் கணக்கு

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ளவர்களுக்கு இந்தப் பகுதி பயன்படாது. அப்பாலிசி நம் காரின் சேதத்திற்கு எதுவும் தராது. விரிவான பாலிசியோ, சொந்தச் சேதத்திற்கான தனிப் பாலிசியோ உள்ளவர்கள் பொறுமையாக ஒரு தாளை எடுத்துக்கொள்ளலாம்.

வழக்கமான பாலிசிகளில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு, கார் எவ்வளவு புதியதாயினும், 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். கூலிக்குத் தேய்மானம் இல்லை. வண்ணம் பூசுவதில், பொருள் செலவில் மட்டும் 50 விழுக்காடு கழியும். பட்டியல் பிரிக்கப்படாமல் ஒரே தொகையாக இருந்தால், அதில் 25 விழுக்காட்டைப் பொருள் செலவாகக் கொள்வார்கள். இவற்றுக்கு மேல் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கட்டாயக் கழிவு உண்டு. எஞ்சின் கொள்ளளவு 1500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு ரூ.1,000, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ரூ.2,000.

எடுத்துக்காட்டாகப் புதிய பம்பர் ரூ.8,000, பொருத்தும் கூலி ரூ.1,000, வண்ணம் ரூ.4,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ.13,000. பம்பரில் ரூ.4,000 தேய்மானம், வண்ணத்தின் பொருள் பகுதி ரூ.1,000 என்பதால் அதில் ரூ.500 தேய்மானம். எஞ்சியது ரூ.8,500. சிறிய கார் என்பதால் கட்டாயக் கழிவு ரூ.1,000. நம் கைக்கு வருவது ரூ.7,500. தேய்மானம் இல்லாத கூடுதல் பாதுகாப்பு வாங்கியிருந்தால் ரூ.12,000 வரும், ஆனால் அந்தப் பாதுகாப்பு வயதான கார்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாயை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை. கோரிக்கை எழுப்பாத ஆண்டுகளுக்காகச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தரப்படும் தள்ளுபடியே நோ கிளைம் போனஸ். ஓராண்டுக்குப் பின் 20 விழுக்காடு, இரண்டாண்டுக்குப் பின் 25, பிறகு 35, 45, ஐந்தாண்டுக்குப் பின் 50 என அது ஏறும். ஒரே ஒரு கோரிக்கை எழுந்தாலும் அடுத்த புதுப்பித்தலில் சுழியத்திற்கு இறங்கிவிடும்.

இப்போது 35 விழுக்காடு பெற்றுவரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தள்ளுபடிக்கு முன் அவருடைய சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.10,000 என்க. கோரிக்கை இல்லாவிட்டால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவருக்குக் கிடைப்பது 45, 50, 50, 50, 50 விழுக்காடு. கோரினால் 0, 20, 25, 35, 45. வேறுபாடு முறையே ரூ.4,500, ரூ.3,000, ரூ.2,500, ரூ.1,500, ரூ.500. கூட்டினால் ரூ.12,000. ஏழாயிரத்து ஐந்நூறு பெறுவதற்காகப் பன்னிரண்டாயிரம் இழக்கிறார். காரின் மதிப்பு குறையக் குறையப் பிரீமியமும் சற்றுக் குறையும் என்பதால் இழப்பு இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். கணக்கின் போக்கு மாறாது.

பழைய கார் வாங்கியவரின் நிலை இதற்கு நேர்மாறானது. நோ கிளைம் போனஸ் காருக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. விற்றவர் அதைத் தம்முடன் எடுத்துச் சென்று, தாம் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். வாங்கியவர், தமக்கென்று முன்னதாகச் சேர்த்த போனஸ் இல்லையெனில், சுழியத்திலிருந்து தொடங்குகிறார். அதே பம்பர், அதே பிரீமியம். கோரிக்கை இல்லாவிட்டால் அவருக்கு 20, 25, 35, 45, 50 விழுக்காடு. கோரினால் 0, 20, 25, 35, 45. ஐந்தாண்டு வேறுபாடு ரூ.5,000 மட்டுமே. அவர் கோருவதால் ரூ.2,500 மிஞ்சும். ஆக, பட்டறையில் "கிளைம் போட்டுவிடலாம் சார்" என்று சொல்வதை ஏற்பதா இல்லையா என்பது உடைந்த பம்பரைப் பொறுத்ததன்று. நம் போனஸ் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு வைத்திருப்போர், அதன் நிபந்தனைகளைப் படித்து இக்கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இங்கே மற்றொன்றையும் ஒளிவின்றிச் சொல்லியாக வேண்டும். முன் பம்பர் ஒரு நாளும் பின் பம்பர் வேறொரு நாளும் அடிபட்டிருக்க, இரண்டையும் ஒரே விபத்து என்று எழுதிக் கொடுக்கச் சில பட்டறைகள் தூண்டும். தனித்தனி நிகழ்வுகள் தனித்தனிக் கோரிக்கைகள். ஒவ்வொன்றுக்கும் கழிவு தனி. பொய்யாக எழுதித் தரும் படிவத்தில் கையெழுத்து நம்முடையது, பட்டறையினுடையதன்று. கோரிக்கை முழுவதையும் மறுக்க அந்த ஒரு பொய் போதும்.

கோருவதென்று முடிவெடுத்தால், பம்பரைக் கழற்றும் முன்னரே நிறுவனத்திற்குத் தெரிவித்துவிடுங்கள். அவர்கள் பார்வையிடும் முன் வேலையைத் தொடங்கிவிட்டால் சேதத்தை நிறுவுவது கடினம்.

இவை அனைத்திற்கும் முன்நிபந்தனை, பாலிசி நம் பெயரில் இருப்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு, கார் கைமாறும்போது பாலிசியும் மாறியதாகக் கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அது மூன்றாம் நபருக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டுமே பொருந்தும். சொந்தச் சேதப் பாதுகாப்பு தானாக மாறாது. உரிமை மாறிய 14 நாள்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். பழையவரின் போனஸ் தள்ளுபடிக்குரிய தொகையை, மீதமுள்ள காலத்திற்கு நாம் செலுத்த நேரிடும். அதைத் தவிர்ப்பதற்காகப் பழையவரின் போனஸைத் தம்முடையதாகக் காட்டுவோர் பின்னர் கோரிக்கையே மறுக்கப்பட்டு வருந்துகிறார்கள். கடனில் வாங்கிய காராயின் பாலிசியிலும் வங்கியின் ஹைப்பாதிகேஷன் குறிக்கப்பட வேண்டும். எனவே பெயர் மாற்றிய பாலிசியின் படியைக் கிளைக்கும் தந்துவிடுங்கள். விற்றவர் முன்பு வேறொரு வங்கியில் கடன் பெற்றிருந்தால், அவ்வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் கிடைத்த பிறகே முழுத் தொகையைக் கொடுப்பது பாதுகாப்பு.

நம் அலுவலர் பம்பரை மாற்றவில்லை. காதுகளில் ஒன்றுதான் உடைந்திருந்தது. பற்றவைத்து, பிரைமர் இட்டு, முழு உறைக்கும் வண்ணம் பூசச் செய்தார். மிச்சப்பட்ட பணத்தில் நிமிர்த்தப்பட்ட குறுக்குச் சட்டத்தை மட்டும் புதிதாக மாற்றினார். அனைத்தும் சொந்தச் செலவு. பாலிசியை அந்த வாரமே தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ஒன்றே ஒன்றைக் கவனிக்கத் தவறினார். உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடு முன் பம்பரில்தான் பொருத்தப்பட்டிருக்கும். அதன் பூட்டு ஒருமுறை உடைத்தால் மீண்டும் பயன்படாது, அங்கீகாரம் பெற்ற முகவரிடமே மறுபடி பொருத்திக்கொள்ள வேண்டும். பட்டறையார் அதைக் கழற்றாமல் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டுப் பூசியிருந்தார். தகட்டைச் சுற்றிப் பழைய நிறம் மெல்லிய கோடாக இன்றும் தெரிகிறது. அடுத்து இந்தக் காரை வாங்க வருபவர் கூர்ந்து பார்ப்பவராயின் கேட்பார்; கழற்றியபோது எடுத்த படங்களை நம் அலுவலர் அதற்காகவே பத்திரமாக வைத்திருக்கிறார்.